உப்புத்தாள் படுவதற்கு முன்

செட்டிநாட்டில் ஒரு பெரிய வீடு இடிபடப் போகிறது என்றால், சுவரில் கடப்பாரை விழுவதற்கு முன்பே சாமான்கள் வெளியேறிவிடும். நிலை, கதவு, தூண், ஊஞ்சல் பலகை, பெட்டகம், கணக்குப்பிள்ளை எழுதிய சாய்வு மேசை என்று பெரும்பகுதி காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்கு லாரியேறும். நெற்குப்பை போன்ற ஊர்களில் வீட்டுக்காரர்களே கதவைத் திறந்துவிட்டு, கேட்டு வருகிறவர்களுக்கு விலை பேசிக் கொடுப்பதும் உண்டு. வாங்கியவர் வீடு போய்ச் சேர்ந்ததும் செய்கிற முதல் வேலை, ஆசாரியைக் கூப்பிட்டு, "அண்ணே, நல்லா உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பாலிஷ் ஏத்திக் குடுங்க" என்பது.

அந்த உப்புத்தாளைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். தேய்க்காத சாமானைத் திருப்பிக் கொடுக்கலாம், சோதித்துப் பார்க்கலாம், அதைக் காட்டி வழக்காடலாம். தேய்த்துவிட்டால் அதன் வயதைச் சொல்லும் தடயமும் போகிறது, திருப்பித் தரும் உரிமையும் போகிறது, கூடவே என்னவென்று தெரியாத தூசி வீடு முழுக்கப் பரவுகிறது.

முதலில் சாமானைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கணக்கு மேசை ஒன்றை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மேற்பலகையைத் தடவிப் பார்த்து மயங்காமல் இழுப்பறையை முழுசாக உருவித் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பலகைக்கு யாரும் பாலிஷ் போடுவதில்லை. பழைய மரம் அங்கே காய்ந்து, மங்கி, கை இழைப்புளி ஓடிய மேடுபள்ளத்தோடு இருக்கும். இழுப்பறை உரசுகிற ஓரங்கள் தேய்ந்திருக்கும். இரும்பு ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருக்கும். சிலுவைத் தலை ஸ்க்ரூ 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. "நூத்தைம்பது வருசத்துப் பெட்டி" என்று சொல்லப்படும் சாமானில் அந்த ஸ்க்ரூ இருந்தால், பின்னால் ரிப்பேர் பார்த்திருக்க வேண்டும், அல்லது சொன்ன வயது பொய். முதுகுப் பலகை பிளைவுட்டாக இருந்தாலும் இதே கேள்விதான். அடியில் மாவுபோல வெளிர் தூள் புதிதாக உதிர்ந்து கிடந்தால் உள்ளே வண்டு உயிரோடு வேலை செய்கிறது என்று பொருள். தேக்கின் வைரத்தை அது எளிதில் தொடாது. வெளிமரத்தைத்தான் தின்னும். அந்தச் சாமானை வீட்டிலுள்ள மற்ற மரங்களோடு சேர்த்து வைக்கவே கூடாது.

சட்டமும் இதே இடத்தில்தான் குறுக்கே வருகிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, "பர்மா தேக்கு" என்று சொல்லி விற்ற பொருள் வேறு மரமாக இருந்தால், வாங்கியவர் அதை ஏற்க மறுக்கலாம். ஆனால் தனக்குச் சொந்தமானதுபோல் அதில் கைவைத்துவிட்டாலோ, நியாயமான காலத்துக்கு மேல் பேசாமல் வைத்திருந்தாலோ, ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். பிறகு நஷ்டஈடுதான் கேட்க முடியும், பொதுவாகப் பொருளைத் திருப்பித் தள்ள முடியாது. பழைய பூச்சைச் சுரண்டி எடுத்த மேசையை, "நான் இன்னும் ஏற்கவில்லை" என்று எந்த முகத்தோடு சொல்வது?

கடையில் வாங்கினால் ரசீது கேளுங்கள். பழம்பொருள் வியாபாரத்தில் ரசீது கேட்பதை அவமரியாதையாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. ரசீது தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறை. ரசீதில் மரத்தின் பெயரும், சொல்லப்பட்ட வயதும், "ரிப்பேர் பார்த்தது" என்றால் அதுவும் எழுதப்பட்டிருக்கட்டும். புதிய மரத்துக்குச் சாயமேற்றிப் பழசு என்று விற்பதும், தரத்தையும் வகையையும் பற்றிப் பொய் சொன்னதாகவே ஆகும். முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பயனில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். மதுரைக்காரர் சிவகங்கைக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். வாங்கி, பாலிஷ் போட்டு, மறுபடி விற்பதற்காக வாங்குகிறவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். அவருக்குச் சிவில் நீதிமன்றம்தான்.

வீட்டில் நேராக வாங்கும்போது வேறொரு சிக்கல். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பலவும் பங்காளிகளுக்குப் பொதுவானவை. ஒரு வாரிசு சென்னையில், ஒருவர் மலேசியாவில், சாவி ஒருவர் கையில். சாவி வைத்திருப்பவரோ வீட்டைப் பார்த்துக்கொள்பவரோ உரிமையுள்ள ஆச்சிக்குத் தெரியாமல் விற்றிருந்தால் என்ன ஆகும்? உரிமை இல்லாதவர் விற்றால் வாங்கியவருக்கும் உரிமை வராது என்பதே பொது விதி. மற்றப் பங்காளிகளின் சம்மதத்தோடு ஒரு பங்காளி கைவசம் வைத்திருந்த பொருளை, விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு மட்டும் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, தெரிய வேண்டிய காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. விற்பவர் பெயர், முகவரி, "எனக்கு விற்க உரிமை உண்டு, பங்காளிகளுக்குத் தெரியும்" என்ற ஒரு வரி, கையெழுத்து. ஒரு தாள் போதும். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள்.

இனி, எனக்கு இதிலெல்லாம் பெரிய கவலையான விஷயம். பழைய அலமாரி, கட்டில், கதவுகளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடுக்கடுக்காகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1-ஆம் தேதிதான். அதற்கு முந்தைய எந்தப் பெயின்டிலும் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். பெயின்ட் மரத்தோடு ஒட்டிக் கிடக்கும்வரை ஆபத்து குறைவு. உலர்ந்த உப்புத்தாளோ கிரைண்டரோ பட்டவுடன் அது கண்ணுக்குத் தெரியாத தூசியாகிறது. நெருப்பு காட்டிச் சுரண்டினால் புகையாகிறது. அந்தத் தூசி முற்றத்துத் தரையில் படியும், தவழும் குழந்தையின் கையில் ஒட்டும், வாய்க்குப் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பிணியின் உடலிலிருந்து சிசுவுக்கும் அது போகும்.

எனவே பெயின்ட் உரிக்கும் வேலை வீட்டுக்குள் வேண்டாம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இல்லாத திறந்த இடத்தில், கீழே தார்ப்பாய் விரித்து, தண்ணீர் தெளித்து ஈரமாகவே தேய்க்க வேண்டும். உதிர்ந்ததை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, பையில் கட்டி, தோட்டத்து மண்ணில் கொட்டாமல் அகற்றுங்கள். முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது. என்95 தரத்துக்குக் குறையாத முகமூடி வேண்டும். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். பெயின்ட் உரிக்கும் திரவங்களிலும் எச்சரிக்கை தேவை. மெத்திலீன் குளோரைடு கலந்த திரவத்தை மூடிய அறையில் பயன்படுத்தியவர்கள் மூச்சடைத்து இறந்ததால், பொதுமக்களுக்கு அதை விற்பதை அமெரிக்கா 2019-இல் தடை செய்தது. நம் கடையில் டப்பாவைத் திருப்பி, அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அரக்கு பாலிஷுக்கான ஸ்பிரிட் அடுப்பும் விளக்கும் இருக்கும் இடத்துக்கு வரக்கூடாது. ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.

வாங்குபவர் ஒருமுறை தேய்க்கிறார். பாலிஷ் தொழிலாளி ஆயுள் முழுக்கத் தேய்க்கிறார். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே வகைப்படுத்திவிட்டது. ஈயத்தின் அறிகுறிகளான விடாத வயிற்றுவலி, மலச்சிக்கல், கை தளர்ச்சி இருந்தால் மருத்துவரிடம் தொழிலைச் சொல்லி, ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ஈயத்தால் வரும் நோயைத் தொழில்சார் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. பட்டறை முதலாளியிடம் வேலை பார்ப்பவர் இழப்பீடு கோரலாம். முகமூடிக்கும் கையுறைக்கும் ஆகும் செலவை வேலை கொடுப்பவர்தான் ஏற்க வேண்டும். கூலியில் பிடிப்பது அநியாயம்.

சிங்கப்பூருக்கோ லண்டனுக்கோ ஐயாவின் மேசையைக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு ஒன்று. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் நூறாண்டு கடந்த கலை, கைவினைப் பொருள்கள் மட்டுமல்லாமல் கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் அடங்கும். நிலையும் தூணும் அதில் வரும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. பரம்பரைச் சொத்து என்பதற்காக விலக்கு கிடையாது. மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகம் 3 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. நூறாண்டு ஆகாத பொருள் என்றால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்ற பிறகே கப்பலேற்றுங்கள். விண்ணப்பத்தோடு பொருளின் புகைப்படங்களைக் கேட்பார்கள். இழுப்பறையின் அடிப்புறம், ஆணி, கீல், முதுகுப் பலகை எல்லாவற்றையும் ஆசாரி வருவதற்கு முன்பே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.