கோடிப்புறத்து மூலையும் கொஞ்சப் பணமும்

வீட்டின் முகப்பிற் பூச்சாடி வைப்பதற்கு எவருக்கும் உபதேசம் வேண்டியதில்லை. படலையைத் திறந்து வருபவர் கண்ணில் முதலிற் படுவது அதுவாதலால், பணமும் முயற்சியும் தாமாகவே அங்கே சென்று சேருகின்றன. ஆனால் ஒவ்வொரு வளவிலும் வேறொரு மூலை உண்டு. கால் முறிந்த கதிரை, அடி கழன்ற வாளி, உக்கிய கிடுகு, தேங்காய்ப் பொச்சு யாவும் அடைக்கலம் புகும் இடம் அது. விருந்தினர் வந்தால் அப்பக்கத்துக் கதவை மெல்லச் சாத்திவிடுகின்றோம். தோட்டக்கலையில் அரிச்சுவடியும் அறியாத ஒருவன், சம்பளத்தில் மிச்சம் பிடித்த சிறு தொகையைக் கொண்டு அத்தகைய மூலையொன்றைத் திருத்திய கதை இது. திருத்துவதற்கு முன் கெடுத்த கதையையும் மறையாது சொல்லவேண்டியிருக்கிறது.

எமது வீடு கோண்டாவிற் பகுதியில் உள்ளது. குசினிச் சுவருக்கு வடக்கே, கிணற்றுக்கட்டுக்கும் வேலிக்கும் இடையில், முக்கோணமாக ஒரு நிலம் அகப்பட்டுக் கிடந்தது. நீளம் 14 அடி. அகன்ற பக்கம் 9 அடி. ஒடுங்கிய பக்கத்தில் ஒருவர் ஒருக்களித்து நிற்கலாம். அயல் வளவு மாமரத்தின் கொப்பு வேலிக்கு மேலாகக் கவிந்திருந்தது. குளிக்கும் நீரும் உடுப்புத் தோய்க்கும் நீரும் அங்கேயே வந்து தேங்கின. கருஞ்சேறும் சவர்க்கார வாடையும் நுளம்பும் ஆண்டு முழுவதும் குறைவின்றி இருந்தன.

அம்மாவின் அறைச் சன்னல் அந்தப் பக்கமாகவே திறக்கிறது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து நாங்கள் இடம்பெயர்ந்தபோது எனக்குப் பத்து வயது. அங்கே எங்கள் வளவில் அம்மா வளர்த்த பூமரங்களை எண்ணிச் சொல்ல என்னால் இயலாது. அதன்பின் வாடகைக்கு இருந்த ஐந்து வீடுகளிலும், ஈற்றில் நாம் வாங்கிய இவ்வீட்டிலும், ஒரு துளசியைத் தவிர அவர் எதனையும் நட்டதில்லை. கேட்டால், "நட்டுப்போட்டு விட்டிட்டு வர என்னால ஏலாது" என்பார். முழங்கால் நோவினால் பெரும்பொழுதை அறையிலேயே கழிக்கும் நிலை வந்தபின், அவர் நாள்தோறும் பார்த்திருந்தது அந்தச் சேற்று மூலையைத்தான்.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நாடு முழுவதும் வீட்டுத்தோட்டப் பேச்சாகவே இருந்தது. பொருளாதார நெருக்கடியால் உணவுப் பஞ்சம் வருமோ என்று அஞ்சிய காலம். பயிர் செய்யும்பொருட்டு அரச உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையும் அறிவிக்கப்பட்டது. அந்த உற்சாகம் என்னையும் பற்றிக்கொண்டது. ஆனால் ஊரார் மரவள்ளித் தடி தேடி அலைந்தபோது, நான் கன்று விற்பனை நிலையம் ஒன்றுக்குச் சென்று 5,400 ரூபாய்க்கு ரோசா நான்கு, வெட்சி நான்கு, அந்தூரியம் மூன்று வாங்கி வந்தேன். அம்மாவின் சன்னலுக்கு நேராக அழகிருக்கவேண்டும் என்பது எண்ணம். சேற்றின்மேல் இரண்டு கடகம் மண் கொட்டி ஒரே மாலையில் எல்லாவற்றையும் நட்டேன்.

அந்தூரியம் முதலில் அழுகிற்று. அதன் வேருக்குக் காற்றோடும் பொலபொலப்பான இடம் வேண்டும் என்பதைப் பின்னரே அறிந்தேன். ரோசா ஒரு பூவும் தராமல் நெடுத்து மெலிந்தது. வெட்சியின் நோய் வேறு வகையானது: இளம் இலைகள் மஞ்சளாக வெளிற, நரம்புகள் மாத்திரம் பச்சைக்கோடாக நின்றன. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரினால் அதனை எடுக்க இயலாது; வெட்சி அக்குறையை விரைவிற் காட்டிவிடும் செடி. இவற்றுள் ஒன்றையும் அறியாத நான் மேலும் மேலும் நீர் ஊற்றினேன்.

ஒரு நாள் எட்டிப் பார்த்தார், அயலில் வசிக்கும் கமக்காரர் ஒருவர். வெங்காயமும் புகையிலையும் செய்து முதிர்ந்த கை.

"மாஸ்ரர், இது என்ன கன்றோ, காய்ச்சல்காரரோ?"

"தண்ணி குறைவிடேல்லை, அண்ணை. உரமும் போட்டனான்."

"தண்ணி குறையேல்லை எண்டுதான் நானும் சொல்லுறன். கன்று வாங்க முதல் நிலத்தைப் பாத்தனீங்களோ?"

நான் கல்லூரியில் புவியியல் கற்பிப்பவன். குடாநாட்டின் அடியில் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல் கிடக்கிறது, இங்கே வற்றாத ஆறு இல்லை, மழைநீர் கல்லின் வெடிப்பு வழியே இறங்கி உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீராகத் தங்குகிறது, அந்நீரையே நாம் கிணற்றில் அள்ளுகிறோம் என்று ஆண்டுதோறும் கரும்பலகையிற் படம் வரைந்து காட்டுபவன். அப்படம் என் குசினிக்குப் பின்னாலும் செல்லுபடியாகும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. கிணற்றடியில் தேங்கிய சவர்க்கார நீரின் ஒரு பங்கு திரும்பவும் எங்கள் கிணற்றுக்கே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் குடித்தது அக்கிணற்று நீரைத்தான். மூலை அழகற்றிருக்கிறது என்று வருந்தியவனுக்கு, அது வீட்டுக்கே தீங்கு செய்கிறது என்பது அன்றுதான் உறைத்தது.

அதனால் 2023 யூலையில் ஒரு சதமும் செலவிடாது பார்ப்பதையே வேலையாகக் கொண்டேன். புதிதாகத் தொடங்கும் வாசகர்களுக்கு நான் வற்புறுத்திக் கூறுவது இதனையே. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணி வரை, மணிக்கொருதரம் நிழலின் விளிம்பிற் சாம்பலாற் கோடிட்டேன். வேலியோரத்தில் நாலரை மணி வெயில். சுவரோரத்தில் இரண்டு மணி. இந்தக் கணக்கும் முழு உண்மையன்று. யாழ்ப்பாணத்திற் சூரியன் ஏப்பிரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகற் சூரியன் வடக்கே நிற்பதால் வடபுறச் சுவருக்கும் வெயில் உண்டு. டிசெம்பரில் அது தெற்கே சாய, பத்தடிச் சுவரொன்று நண்பகலிலேயே ஏறக்குறைய ஆறரை அடி நிழலை வடக்கே வீழ்த்தும். ஆடியில் அளந்து நட்டவன் மார்கழியில் ஏமாறுவான். எனவே சுவரோரம் நிழலுக்கென்றே விடப்பட்டது.

அடுத்து, ஓரடி ஆழக் குழி இரண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வாளி நீர் ஊற்றினேன். வேலியோரக் குழி அரை மணிக்குள் வற்றியது. நடுக்குழியில் மறுநாட் காலையிலும் நீர் நின்றது. ஆக, மண் பிழையன்று. பல்லாண்டு மிதித்து இறுகியதும் சவர்க்கார வழுக்கல் படிந்ததுமே காரணம். மூன்றாவதாக, ஒரு பிடி மண்ணில் வினாகிரி சில துளி விட்டபோது அது நுரைத்தது. சுவர் கட்டிய நாளில் கொட்டிய சுண்ணாம்புச் சாந்தும் கற்சில்லும் அங்கே புதைந்திருந்தன. வெட்சியின் மஞ்சள் நோய்க்கு விளக்கம் அரைத் தேக்கரண்டி வினாகிரியிற் கிடைத்தது.

ஆவணியில் வேலை தொடங்கியது. முதலில் நீரின் வழியை மாற்றினோம். வீட்டில் எஞ்சிக் கிடந்த பிளாஸ்ரிக் குழாயுடன் இரண்டு வளைவுகளை ஒட்டி, கழுவுநீரைக் கிணற்றிலிருந்து இயன்ற அளவு விலக்கி மறு கோடிக்குக் கொண்டுசென்றோம். அங்கே ஒன்றரை அடி ஆழத்தில் அகலமாக ஒரு பள்ளம் வெட்டி, பொச்சும் சருகும் இட்டு நிரப்பி, இரண்டு வாழைக்குட்டியும் சுற்றிவரக் கல்வாழையும் நட்டோம். கிணற்றடியில் வாழை வைப்பது எமது முன்னோர் வழக்கம். நீரை அது போல் இழுத்துக் குடிப்பவை சில. ஆயினும் வாழை எல்லாவற்றையும் குடித்துவிடும் என்று நம்பியிருத்தல் ஆகாது. வெளிறவைக்கும் திராவகம் கலந்த நீரை அங்கே ஊற்றுவதை நிறுத்தினோம்; சவர்க்காரத்தையும் குறைத்தோம்.

பின்னர் சேற்றை வழித்தெடுத்து, அலவாங்கால் அடிமண்ணைக் குத்திக் கிளறி, கற்சில்லைப் பொறுக்கினோம். மூத்த மகன் தன் வகுப்புத் தோழர் இருவரை அழைத்து வந்தான். கூலி தோசையும் சம்பலும். அண்ணை சொன்னபடி குழை தாழ்த்தினோம். பூவரசு, சீமைக்கிளுவைக் குழைகளையும் வேலியிற் பிரித்த பழைய ஓலையையும் பரப்பி, ஆட்டெரு தூவி, மண் மூடி ஆறு வாரம் விட்டோம். குடாநாட்டுத் தோட்டக்காரர் தலைமுறைகளாகச் செய்து வருவது இது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, பயிர்கள் பாழாகி, அவ்வாண்டு நவெம்பரில் அதனைக் கைவிட்ட கதையை எவரும் மறக்கவில்லை. பதினான்கடி மூலைக்குப் போதுமான குழை ஒரு நாட்டின் வயல்களுக்கும் போதும் என்று நான் வாதாட வரவில்லை. மூலைக்குப் போதும், அவ்வளவே.

குப்பையை அகற்றியபோது எண்ணிப் பார்த்தோம்: நீர் நின்ற சிரட்டை, யோக்கட் கோப்பை, உடைந்த முட்டி என்று இருபத்து மூன்று. டெங்கு நுளம்பு சேற்றிலன்றி இத்தகைய தெளிந்த சிறு நீரிலேயே முட்டையிடுகிறது. நீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கிற் காய்ந்து கிடந்து, மழை வந்ததும் பொரிக்கும். 2017இல் இந்நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். பொச்சினால் பாத்திக்கு வரம்பு கட்டுவோர் அதனைக் கவிழ்த்து வைக்கவேண்டும். நிமிர்த்தி வைத்தால் வரம்பு முழுவதும் நுளம்புத் தொட்டியாகும். நாங்கள் வரம்புக்கு முருகைக்கல்லை வைத்தோம். உடைந்த ஓடுகளைத் தட்டிப் பரப்பிச் சன்னலடியிலிருந்து கிணற்றடி வரை இரண்டடி அகலத்தில் ஒரு நடைபாதையும் அமைத்தோம். அம்மா வழுக்காமல் நடக்கவேண்டும் என்பது மனைவியின் யோசனை. மூலையிற் செய்த வேலைகளுள் மிகப் பயனுடையது அதுவே.

ஐப்பசி மழை தொடங்கியதும் நடுகை. இம்முறை கடைக்குப் போகவில்லை. சுவரோர நிழலில் ரம்பையும் மஞ்சளும் வைத்தோம். 2020இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு விலை ஏறியபோது அயலில் ஒருவர் நட்ட கிழங்கின் வழித்தோன்றல்கள் எமக்கும் கிடைத்தன. வேலியோரத்தில் கறிவேப்பிலை, கற்பூரவள்ளி, சேரை. வல்லாரையை மட்டும் தனியே உயர்ந்த பாத்தியிலிட்டு, அரிசி கழுவிய நீரையும் கிணற்று நீரையும் ஊற்றினோம். பச்சையாகச் சம்பல் போட்டு உண்ணும் இலைக்குச் சவர்க்கார நீர் அண்டக்கூடாது. தண்டும் கிழங்கும் கேட்டால் இல்லையென்பார் இல்லை. உண்மையிற் கேட்பதற்குத்தான் எனக்குக் கூச்சமாயிருந்தது. அக்கூச்சத்தின் விலையாகவே முதலில் 5,400 ரூபாயைக் கொடுத்தேன் போலும். இரண்டாம் முறை செலவு, வளைவுக்கும் பசைக்கும் 620, இரண்டு சாக்கு ஆட்டெருவுக்கு 900. மொத்தம் 1,520 ரூபாய்.

இடர்கள் வராமலில்லை. அயற்கோழிகள் கிளறின, கிடுகு வைத்து வேலியின் பொட்டை அடைத்தோம். மழையோடு பெரிய ஆபிரிக்க நத்தைகள் வந்து வல்லாரையை இரண்டு இரவில் மொட்டையாக்கின. உப்புத் தூவினால் நத்தை சாகும், மண்ணும் சாகும். ஆகையால் இரவில் ரோச் லைற்றுடன் சென்று, கையில் உறையிட்டுப் பொறுக்கி, உப்புநீர் வாளியில் இட்டோம். பரீட்சை விடைத்தாள் திருத்தும் நாட்களில் இது இனிய வேலையன்று.

2024 கார்த்திகையில் ஒரு நாள், நான் வல்லாரை கிள்ளிக்கொண்டிருந்தபோது சன்னலிலிருந்து அம்மா கேட்டார்:

"தம்பி, எங்கட கிணத்தடி நந்தியாவட்டை இன்னும் நிக்குதோ?"

வலிகாமம் வடக்கில் 2018இல் விடுவிக்கப்பட்ட காணிகளுள் எமதும் ஒன்று. அவ்வாண்டு அம்மாவை ஒருமுறை அழைத்துச் சென்றிருந்தேன். வீடு இல்லை, கிணறு இருந்தது, பற்றைக்குள் அந்த மரமும் இருந்தது. அன்று அவர் அதனைத் தொட்டுப் பார்த்தாரேயன்றி ஒரு கிள்ளும் எடுக்கவில்லை.

மறுவாரமே பேருந்தேறிச் சென்று, முற்றியும் முற்றாத தடி மூன்று வெட்டி, ஈரச் சாக்கிற் சுற்றிக் கொண்டுவந்தேன். அம்மா நடைபாதையிற் கதிரை போட்டிருந்து, எங்கே குழி எடுப்பதென்று கைத்தடியாற் காட்டி, மண்ணைத் தாமே அணைத்தார். இரண்டு தடி அழுகின. மூன்றாவது இந்தத் தை மாதத்தில் முதன்முதலாகப் பூத்தது, நான்கு பூ. மூன்றைச் சுவாமிக்கு வைக்கும்படி சொன்னார். ஒன்றை மரத்திலேயே விட்டுவிடச் சொன்னார்.