சாய்கோடும் வலை முகவரியும்

நீலகிரியில் தேயிலை பயிரிடும் சிறு விவசாயி ஒருவரிடம் அவருடைய நிலம் எது என்று கேட்டால், ஊரின் பெயரோடு புல எண்ணையும் கூறுவார். அவ்வெண் 112/3 என்பது போல நடுவே ஒரு சாய்கோடு பெற்றிருப்பதுண்டு. 112ஆம் புலத்தில் மூன்றாம் உட்பிரிவு என்பது அதன் பொருள். காகிதத்தில் இதனால் யாதொரு குழப்பமும் இல்லை. அதே எண்ணை வலை முகவரி ஒன்றில் வைக்கும்போதோ, அச்சிறு கோடு பெருந்தொல்லை விளைவிக்கக்கூடும். அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் இன்று காண்போம்.

ஒரு கணிப்பொறி நிரல் மற்றொரு நிரலிடம் செய்தி கேட்டுப் பெறும் வாயிலுக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். வலையில் அவ்வாயிலை அடைய ஒரு முகவரி வேண்டும். அதில் தளத்தின் பெயரை அடுத்து வரும் பகுதியே பாதை. மேட்டுப்பாளையத்தில் புறப்படும் மலை ரயில் கல்லாறு, குன்னூர், அரவங்காடு என்று நிலையம் நிலையமாகக் கடந்து உதகமண்டலம் சேருகிறதல்லவா? பாதையும் அவ்வாறே படிப்படியாகச் செல்வது. ஒரு படியை மற்றொன்றிலிருந்து பிரிப்பது சாய்கோடு. நிலப் பதிவேடு ஒன்றுக்கு ‘/கோத்தகிரி/112’ என்ற பாதை இருப்பதாகக் கொள்வோம். வட்டத்தின் பெயரும் புல எண்ணும் கேட்பவருக்கு ஏற்ப மாறும். இவ்வாறு மாறும் படிகளைப் பாதை அளபுருக்கள் என்பர்.

இனி 112 என்ற இடத்தில் 112/3 என்று எழுதினால் என்னவாகும்? கணிப்பொறி 112 ஒரு படி, 3 வேறொரு படி என்று பிரித்துக்கொள்ளும். அத்தகைய பாதையே இல்லை என்று மறுத்துவிட்டால் நன்று; பிழை வெளிப்பட்டுவிடும். 3 என்பதை வேறெதற்கோ உரிய எண்ணாகக் கொண்டு அயலாரின் நில விவரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாலோ, பிழை நேர்ந்ததை எவரும் அறியார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பெயருக்குள் இருக்கும் குறி வேறு, வழியைக் காட்டும் குறி வேறு என்று கணிப்பொறிக்கு உணர்த்துவதே பரிகாரம். இதற்கான விதிகளை 2005ஆம் ஆண்டில் வெளியான ஆர்.எஃப்.சி. 3986 என்ற ஆவணம் வகுத்துரைக்கிறது. ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்துக்கள் 52, இலக்கங்கள் 10, இவற்றோடு நான்கு குறிகள் ஆக 66 மட்டுமே எங்கும் தடையின்றி வரலாம். சாய்கோடு போன்ற குறிகளுக்குத் தனி வேலை உண்டு. அவ்வேலைக்கன்றிப் பெயரின் பகுதியாக அவை வருமானால் சங்கேதமாக மாற்றி எழுத வேண்டும். சாய்கோட்டின் எண் 47. பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் அது ‘2எஃப்’ ஆகும். அதன் முன் சதவீதக் குறியை இட்டால் 112/3 என்பது ‘112%2எஃப்3’ என ஒரே படியாகிவிடும்.

தமிழ்ப் பெயர்களும் இவ்விதிக்கு உட்பட்டவையே. குன்னூர் என்பது நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடு முறையில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது எட்டுக் குறிகளாகிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டுகள். ஆகவே 24 பைட்டுகள். ஒவ்வொரு பைட்டுக்கும் சதவீதக் குறியோடு மூன்று இடங்கள் வேண்டுமாதலால், முகவரியில் குன்னூர் 72 இடங்களைப் பிடித்துக்கொள்கிறது! கோத்தகிரியில் வேறொரு நுட்பம் உண்டு. அதன் முதலெழுத்திலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முகவரியிலோ இரண்டும் வெவ்வேறு. ஆகவே முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, பின்னரே சங்கேதமாக்க வேண்டும்.

இதில் வரிசைமுறை மிக முக்கியம். அனுப்புபவர் ஒவ்வொரு படியையும் தனித்தனியே மாற்றிய பிறகே அவற்றைச் சாய்கோட்டால் இணைக்க வேண்டும். பெறுபவர் முதலில் சாய்கோட்டில் பிரித்து, பிறகே சங்கேதத்தை அவிழ்க்க வேண்டும். முன்னதாக அவிழ்த்துவிட்டால் மறைத்து வைத்த கோடு வெளிப்பட்டு, பழைய குழப்பமே மீளும். மாற்றுவதையும் ஒரு முறைதான் செய்யலாம். இரு முறை செய்தால் சதவீதக் குறியே ‘%25’ என மாறிவிடும். ஒரு முறை அவிழ்ப்பவருக்குப் புல எண் கிட்டாது, சங்கேதமே எஞ்சும்.

சில வழங்கிகள் பாதுகாப்பைக் கருதி, மாற்றி எழுதிய சாய்கோட்டையும் பாதையில் ஏற்பதில்லை. ஆதலின் பாதையை அமைப்பவர் தொடக்கத்திலேயே புலத்துக்கு ஒரு படியும் உட்பிரிவுக்கு ஒரு படியும் ஒதுக்கிவிடுவது சாலச் சிறந்தது. வேலி எங்கே நிற்கிறது என்பது நிலத்தில் எவ்வளவு முக்கியமோ, முகவரியிலும் அவ்வளவு முக்கியம்.