நான்கு டிராக், ஒரு படுக்கையறை

1982 ஜனவரி. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊர். வாடகை வீட்டின் படுக்கையறையில் உட்கார்ந்து தனியாகப் பாடிக்கொண்டிருந்தார் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். வயது 32. 1980இல் வந்த ‘தி ரிவர்’ ஆல்பம் விற்பனையில் முதலிடம் கண்டிருந்தது. எதிரே இருந்ததோ, சாதாரணக் கேசட்டில் நான்கு டிராக் மட்டுமே பதியக்கூடிய டியாக் போர்ட்டாஸ்டூடியோ என்ற பதிவுக்கருவி. குரலுக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று. ஹார்மோனிகாவும் இன்னொரு குரலும் சேர்ந்தால் இடம் தீர்ந்தது. பாட்டும் அங்கேயே முடிந்தாக வேண்டும்.

தன் இசைக்குழுவுக்குக் காட்டும் மாதிரியாகத்தான் பதிந்தார். நியூயார்க் ஸ்டூடியோவில் குழுவோடு வாசித்துப் பார்த்தபோது, வாத்தியம் கூடக்கூடப் பாட்டுக்குள் இருந்த ஆள் காணாமல் போனார். கடைசியில், உறைகூட இல்லாமல் பையில் போட்டுத் திரிந்த அந்தக் கேசட்டே செப்டம்பரில் ‘நெப்ராஸ்கா’ ஆல்பமாக வெளிவந்தது.

இன்று மடிக்கணினியில் டிராக்குகளுக்குக் கணக்கில்லை. 1997இல் வந்த ஆட்டோ-டியூன் விலகிய சுருதியைச் சரிசெய்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில், அண்ணனின் படுக்கையறையில் பதிந்த பாட்டுகளை 2019இல் ஆல்பமாக வெளியிட்ட பாடகி பில்லி ஐலிஷ், மறு ஆண்டே கிராமியின் நான்கு முதன்மை விருதுகளையும் பெற்றார். அன்று விதிவிலக்காக இருந்த படுக்கையறை இன்று வழக்கமாகிவிட்டது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் குரல் உடைந்த இடத்தைத் திருத்த வழியிருக்கும்போது திருத்தாமல் விடுவதற்குத் துணிவு வேண்டும். அன்று அந்தத் துணிவில் பாதியைக் கருவியின் வறுமையே கொடுத்தது.

உண்மையாகப் பாடியதால் ஸ்பிரிங்ஸ்டீனின் மனச்சோர்வு குணமாகிவிடவில்லை. ஆல்பத்தை முடித்தபின், கலிபோர்னியாவுக்குக் காரில் போகும் வழியில்தான் மனம் உடைந்தார். பிறகு மனநல சிகிச்சையை நாடினார். பாட்டு கதவைத் திறந்தது, உள்ளே கூட்டிப்போக இன்னொருவர் வேண்டியிருந்தது. தன் மனச்சோர்வையும் தந்தையின் மனநோயையும் அவர் விரிவாக எழுதியது 2016இல், சுயசரிதையில். ஐலிஷோ பதின்வயதிலேயே தன் மனச்சோர்வைப் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொன்னார். ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேடிய சொல், அடுத்த தலைமுறைக்குத் தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது. இழந்ததை எண்ணும்போதெல்லாம் இந்த ஒன்றை நினைத்துக்கொள்கிறேன். அதேசமயம், எவரும் கேட்காமல் ஒரு பாட்டு பையில் சில வாரம் கிடக்கும் அவகாசம் இன்று அரிது. பதிந்த இரவே அது உலகுக்குப் போகிறது. விடிவதற்குள் எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணிக்கை திரும்பி வருகிறது.

அன்று கைவிட்ட குழுப் பதிவுகள் 2025இல் வெளிவந்தன. அவற்றையும் கேசட் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டேன். குழுவின் வாசிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேசட்டில், பல பாட்டுகளை அவர் பக்கத்து அறையில் தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோல் அடங்கிய குரலில் பாடுகிறார்.