பெயர் எழுத மாட்டேன்

செய்தி ஆசிரியர் குழுவில் வேலை செய்பவள் நான். 1999 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்ற இரு மாணவர்களின் பெயரை இங்கே எழுத மாட்டேன். உலகம் தங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்றே அவர்கள் வீடியோக்களை விட்டுச் சென்றார்கள். பத்திரிகைகளும் அவர்கள் படத்தை அட்டையில் போட்டன.

சொல்லவேண்டிய பெயர் டேவ் சாண்டர்ஸ். உணவுக்கூடத்தில் இருந்த பிள்ளைகளை எச்சரித்துக் காப்பாற்றிய ஆசிரியர் அவர். குண்டடிபட்டு ஒரு வகுப்பறையில் கிடந்தார். ஒருவர் ரத்தம் கொட்டிச் சாகிறார் என்று மாணவர்கள் பலகையில் எழுதி ஜன்னலில் வைத்தார்கள். சிறப்புப் படை அவரிடம் வந்துசேர மணிக்கணக்கானது, அவர் பிழைக்கவில்லை. வெளியே வளைத்து நின்று காத்திருக்கும் வழக்கத்தைப் பிறகு அமெரிக்கப் போலீஸ் கைவிட்டது.

அந்த அட்டைப் படங்களோ வேலையைத் தொடர்ந்தன. 2007-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் சுட்டவன் அவ்விருவரையும் தியாகிகள் என்றான். 2012-இல் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் சுட்டவனும் கொலம்பைன் தகவல்களைத் தேடித் தேடிச் சேர்த்தவன். வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் தொல்லை தாங்காமல், 2019-இல் கொலம்பைன் பள்ளியை இடித்துக் கட்டலாமா என்றுகூட மாவட்டக் கல்வி அதிகாரி கேட்டார். ஊர் ஆதரவு போதவில்லை, யோசனை கைவிடப்பட்டது.