நெய்யாற்றின்கரையின் முதல் எழுத்து

பாறசாலையிலிருந்து களியக்காவிளையைத் தாண்டியதும் பேருந்துப் பலகைகளில் மலையாளம் போய்த் தமிழ் வந்துவிடும். நெய்யாற்றின்கரை என்ற பெயரை இரண்டு எழுத்திலும் எழுதி அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டுமே இடப்பக்கம் ஒரு சுழியோடுதான் தொடங்கும். நாம் அதை ஒற்றைக்கொம்பு என்கிறோம்; மலையாளப் பள்ளிக்கூடத்தில் புள்ளி என்பார்கள். வாயில் நகரத்துக்குப் பிறகு ஒலிக்கும் எகரம், எழுத்தில் மட்டும் ஏன் முந்திக்கொண்டு நிற்கிறது? இதை எழுத்தமைப்பின் கோளாறு என்பவர்கள் உண்டு. கோளாறே இல்லை, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒழுங்கு ஒன்று அழியாமல் நிற்கிறது என்பதற்கான சான்று அது.

சீன எழுத்தின் உறுப்புகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள், கொம்புக்கும் ஆதியில் ஒரு படமும் பொருளும் இருந்திருக்குமே என்று கேட்கலாம். சீனத்தில் ஆற்றைக் குறிக்கும் எழுத்தின் இடப்பக்கம் மூன்று நீர்த்துளிகள் நிற்கும். அவை பொருளைச் சொல்ல, வலப்பாதி ஒலியைச் சொல்லும். கி.பி. 100 அளவில் சூ ஷென் தம் அகராதியில் இத்தகைய உறுப்புகளை 540 தலைப்புகளாக வகுத்தார். நம் கொம்பு அந்த வகையல்ல. அசோகர் கால பிராமியிலேயே அது வெறும் சிறு கோடுதான். மெய்யின் வலப்பக்கம் கோடு இழுத்தால் ஆகாரம், இடப்பக்கம் இழுத்தால் ஏகாரம், இடப்பக்கம் இரண்டு கோடுகள் இழுத்தால் ஐகாரம், இரு பக்கமும் இழுத்தால் ஓகாரம். அங்கே படம் எதுவும் இல்லை. கோடு நின்ற பக்கமே ஒலியைச் சொன்னது. பிற்காலத்தில் அந்த இடக்கோடு கீழே இறங்கி, சுழித்து, மெய்யைவிட்டுப் பிரிந்து தனியே நின்றது. இன்றும் ‘கொ’ எழுதும்போது இடத்தே கொம்பும் வலத்தே காலும் போடுகிறோமே, அது அந்தப் பழைய இருபக்கக் கோடுகளின் வழிவந்ததுதான். குறில் நெடில் வேறுபாட்டுக்குத் தொல்காப்பியம் எகர ஒகரங்களுக்குப் புள்ளி விதித்தது. ஏட்டில் அந்தப் புள்ளி பெரும்பாலும் விடுபட்டுப்போக, 18ஆம் நூற்றாண்டில் நெடிலுக்குக் கொம்பின் தலையில் சுழி சேர்த்தவர் வீரமாமுனிவர் என்பர்.

மலையாளம் தமிழைப் பார்த்து எழுதிக்கொண்டது, ஒற்றுமைக்கு அதுவே காரணம் என்று சிலர் சுருக்கமாக முடித்துவிடுவார்கள். அப்படியானால் சிங்களத்திலும் வங்காளியிலும் ஒடியாவிலும் எகரக்குறி இடப்பக்கமே நிற்பதற்கு என்ன சொல்வது? தெலுங்கிலும் நாகரியிலும் அது தலைக்கு ஏறிவிட்டது. மற்றவை பழைய இடத்தைக் கைவிடவில்லை. இந்த எல்லைப்புறத்தின் வரலாறும் அவ்வளவு எளிதானதல்ல. திருவிதாங்கூரில் நெடுங்காலம் புழங்கிய வட்டெழுத்தைப் பின்தள்ளி நிலைபெற்ற மலையாள எழுத்து, கிரந்தத்தின் வழியில் வந்தது. கிரந்தத்தில் இல்லாத ழகரம், றகரம் போன்றவற்றை அது வட்டெழுத்திலிருந்து எடுத்துக்கொண்டது. ஆகவே கொம்பு யாரிடமும் யாரும் வாங்கிய கடன் அல்ல. பிராமி விட்டுச்சென்ற சொத்து அது; இரு வீட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

சரி, சொல்லும் வரிசையிலேயே எழுதினால் பிள்ளைகளுக்கு எளிதாகுமே என்ற வாதம் மிஞ்சுகிறது. கேரளம் 1971இல் உகரக் குறிகளை மெய்யிலிருந்து பிரித்து எழுத்தைச் சீர்திருத்தியது. தமிழ்நாடு 1978இல் ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவத்தை எடுத்துவிட்டு, அங்கும் இணைக்கொம்பையே முன்னால் வைத்தது. கொம்பை இடம் மாற்ற இரு அரசும் முனையவில்லை. தட்டச்சுப்பொறியில் கொம்பை முதலில் அடித்துப் பிறகு மெய்யை அடித்தோம். இன்றைய யூனிகோடில் நகரமே முதலில் பதிவாகிறது, எகரக்குறி அடுத்து. திரையில் கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்துவது எழுத்துருவின் வேலை. காட்டாக்கடையில் ஒருவர் தம் கைபேசியில் நெய்யாற்றின்கரை என்று மலையாளத்தில் அடித்தாலும் தமிழில் அடித்தாலும் அந்த முதல் எழுத்து உள்ளே பதிவாகும் வரிசை ஒன்றுதான்.