எழுதாத அனுபவம் யாருக்குப் பயன்?



கணித ஆசிரியர்களை உருவாக்கும் விரிவுரையாளர்கள், கணினிவழிக் கற்பித்தலில் தாங்கள் கண்டதை ஏன் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட வேண்டும்? இதுவே இன்றைய தலைப்பு.

ஓர் எடுத்துக்காட்டு. 1/2-உடன் 1/3-ஐக் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதும் மாணவர்கள் உண்டு. சரியான விடை 5/6. ஜியோஜீப்ரா என்ற மென்பொருளில் இவற்றைப் பட்டைகளாக வரைந்தால், 2/5 பட்டை 1/2 பட்டையை விடக் குட்டையாக இருக்கும். “கூட்டினேன், குறைந்துவிட்டதே!” என்று மாணவன் திகைப்பான். அப்போது பயிற்சி ஆசிரியர் விடையைத் திரையில் காட்டிவிட்டு அடுத்த கணக்கிற்குப் போகிறாரா, “ஏன் குறைந்தது?” என்று கேட்கிறாரா? பாடத்தின் வெற்றி அதில்தான் இருக்கிறது. பக்கத்திலிருந்து அதைப் பார்க்கும் விரிவுரையாளர் எழுதாவிட்டால், அது அந்த வகுப்பறையோடு முடிந்துவிடும்.

நம் மலேசிய அனுபவத்தைப் பாருங்கள். கணிதம், அறிவியல் பாடங்களை ஆங்கிலத்தில் போதிக்கும் திட்டம் 2003-இல் தொடங்கியது. தமிழ்ப்பள்ளிகளும் அதில் அடங்கின. ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. 2009-இல் திட்டத்தைக் கைவிட முடிவெடுத்து, 2012 முதல் கட்டங்கட்டமாக நிறுத்தினார்கள். அந்தக் கணினிகள் பழசாகிவிட்டன. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதில் எழுதி வைத்தது மட்டுமே இன்று நம் கையில் மிஞ்சும்.

எழுதியவர்களால் விளைந்த பயனும் உண்டு. பாட அறிவு, கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் ஆகிய மூன்றும் இணைந்தால்தான் ஆசிரியர் சிறப்பார் என்ற கருத்தை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷ்ராவும் கோலரும் 2006-இல் கட்டுரையாக வெளியிட்டனர். இன்று பல நாட்டு ஆய்வாளர்கள் அதைச் சோதித்தும் மறுத்தும் வளர்த்தும் வருகின்றனர்.

“மென்பொருளைப் பயன்படுத்தினேன், மாணவர்கள் மகிழ்ந்தார்கள்” என்பது மட்டும் ஆய்வாகாது. கேள்வி என்ன, தரவுகளை எப்படித் திரட்டினோம், பயிற்சி ஆசிரியரின் சிந்தனையில் என்ன மாறியது, எது தோற்றது என எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பள்ளியில் ஆய்வு நடத்துமுன் முறையான அனுமதி பெற வேண்டும். கட்டுரையைத் துறை வல்லுநர்கள் படித்து, குறைகளைச் சுட்டித் திருப்பி அனுப்புவார்கள். அது அவமானமன்று; கட்டுரை செம்மையாகும் வழி. பணம் கட்டினால் சில நாள்களில் வெளியிடுகிறோம் என்று அழைக்கும் இதழ்களிடம்தான் எச்சரிக்கை தேவை.

இடமில்லை என்ற கவலையும் வேண்டாம். பினாங்கில் 1967 முதல் இயங்கும் ரெக்சாம் நிலையம் கணித, அறிவியல் கல்விக்கென ஆய்விதழ் நடத்தி வந்துள்ளது. அமெரிக்காவில் 2000-இல் தொடங்கிய ‘சைட்’ ஆய்விதழில் கணித ஆசிரியர் கல்விக்குத் தனிப்பகுதியே உண்டு. கட்டணமின்றிப் படிக்கலாம்.

பயிற்சி ஆசிரியர்கள் எழுதும் செயலாய்வுகள் தேர்வு முடிந்ததும் அலமாரியில் உறங்க வேண்டாம். விரிவுரையாளர்களே, அவற்றுள் ஒன்றையாவது இவ்வாண்டு செம்மைப்படுத்தி அனுப்புங்கள். எங்கோ ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில், பின்னத்தோடு போராடும் ஆசிரியருக்கு அது கைகொடுக்கும்.