ஒரே பெயரில் இரண்டு நுளம்பு

மாரி ஓய்ந்து தை, மாசி வந்தால் கனகராயன் ஆற்றில் ஓட்டம் குறைந்துவிடும். மணலுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெளிந்த நீர் தேங்கும். மாடு வந்து குடிக்கும் அந்தச் சிறு மடுக்களில்தான் வன்னியைத் தலைமுறை தலைமுறையாக வாட்டிய நோயின் கதை தொடங்குகிறது.

குலைப்பன் காய்ச்சல் என்றார்கள் எங்கள் பெரியவர்கள். வன்னிக்கு உத்தியோகமாகப் போகிறவருக்கு, "அந்தத் தண்ணி ஒத்துக்கொள்ளாது" என்று வீட்டில் புத்தி சொல்லி அனுப்புவார்கள். அந்த நம்பிக்கையை நான் இலேசாக எண்ண மாட்டேன். குளமும் ஆறும் உள்ள ஊரில், மாரிக்குப் பின், இரவில் தங்கியவருக்குக் காய்ச்சல் வரும் என்று கண்டு வைத்திருந்தார்கள். எங்கே, எப்போது, யாருக்கு என்ற மூன்றுக்கும் அவர்களிடம் விடை இருந்தது. எதனால் என்பதில்தான் பிழைத்தது. ஐரோப்பியருக்கும் அதே கதிதான். மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்று பொருள்.

ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்கள் பற்றிய தமது கைநூலை வெளியிட்ட 1895இல், காய்ச்சலுக்கு நுளம்புதான் காரணம் என்று காட்ட உலகில் எவரிடமும் சான்று இல்லை. 1897 ஓகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ரொஸ், அனோபிலிஸ் நுளம்பு ஒன்றின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்கு முன் ஏறக்குறைய இரண்டு வருடம் வேறு நுளம்புகளை அறுத்துப் பார்த்து ஒன்றும் காணாமல் களைத்திருந்தார். கருத்து சரி, நுளம்பு பிழை. இதே சிக்கல் நூறு வருடம் கழித்து எங்கள் ஆற்றங்கரைக்கும் வந்தது.

அதற்கு முன் 1934. மழையும் குளமும்தான் மலேரியாவுக்குக் காரணம் என்றால், மழை பொய்த்த வருடத்தில் நோய் குறைய வேண்டும் அல்லவா? அந்த வருடம் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்போதும் நுரைத்து ஓடும் ஈரவலய ஆறுகள் வற்றி, எங்கள் ஆறுகளைப் போல மடு மடுவாக நின்றன. அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற நுளம்புக்கு அது போதும். ஓடும் நீர் அதன் குடம்பிகளை அடித்துச் சென்றுவிடும், தேங்கிய தெளிந்த நீர் வளர்த்துவிடும். 1934-35இல் கேகாலைப் பக்கம் முதலாகப் பரவிய கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டார்கள். வறண்ட வலயத்தில் அது அந்த அளவுக்கு வெடிக்கவில்லை. இங்குள்ளவர்கள் குழந்தைப் பருவம் முதலே காய்ச்சலில் கிடந்து ஓரளவு எதிர்ப்புப் பெற்றிருந்தார்கள். அந்த எதிர்ப்புக்கு விலையாகப் போனவை வன்னியின் குழந்தைகள். மிஞ்சிய பிள்ளைகளின் இடது விலாவின் கீழே தடவிப் பார்த்து, வீங்கிய மண்ணீரல் எத்தனை பேருக்கு என்று எண்ணித்தான் அன்றைய மருத்துவர்கள் ஓர் ஊரின் நோயை அளந்தார்கள்.

டிடிடி வந்த பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்ததே. வீட்டுச் சுவர்களுக்கு மருந்தடித்தார்கள். 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா. வேலை முடிந்தது என்று தெளிப்பையும் கண்காணிப்பையும் தளர்த்தினார்கள். 1969இல் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் படுக்கையில். மீண்டும் டிடிடி அடித்தபோது அதைத் தாங்கும் நுளம்புகள் பெருகியிருந்தன. இரும்பின் குணம் நேற்றும் இன்றும் ஒன்றே. உயிர்களோ நாம் கொடுக்கும் அடிக்கு ஏற்ப மாறிவிடுகின்றன. அதனால் உயிரியலில் ஒரு முறை கண்டதைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

இனி அந்த நுளம்புச் சிக்கல். குலிசிஃபேசிஸ் ஒரே இனம் இல்லை, கண்ணுக்கு வேறுபாடு தெரியாத பல இனங்களின் கூட்டம் என்பது 1980 முதல் தெளிவாகத் தொடங்கியது. ஏ, பி, சி, டி என்று பெயரிட்டார்கள். இலங்கையில் இருப்பது பி மட்டுமே என்று கருதினார்கள். ஆனால் இந்தியாவில் பி பெரும்பாலும் மாட்டிரத்தம் குடிப்பது; மலேரியாவைப் பரப்புவதில் மந்தமானது. இவ்வளவு சாதுவான நுளம்பா வன்னியை உலுக்கியது?

விடை பாக்கு நீரிணைக்கு அக்கரையில் கிடந்தது. இராமேசுவரம் தீவிலும் இதே முரண்பாடு இருந்தது. பெண் நுளம்புகளின் நிறமூர்த்தங்களைப் பார்த்தால் எல்லாம் பி போலவே தெரிந்தன. சரளா சுப்பாராவ் உள்ளிட்ட குழுவினர் ஒவ்வொரு தாயின் ஆண் சந்ததியையும் எடுத்து ஒய் நிறமூர்த்தத்தின் வடிவத்தைப் பார்த்தார்கள். அங்கே இரண்டு வடிவங்கள் இருந்தன. தாயிடம் தெரியாத வேறுபாடு மகனிடம் தெரிந்தது. புதிய இனத்துக்கு 'இ' என்று பெயரிட்டு 1999இல் வெளியிட்டார்கள். மறு வருடமே, பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியரான நோபிள் சுரேந்திரனும் சகாக்களும் இலங்கையில் பி, இ இரண்டும் இருப்பதைக் காட்டினார்கள்.

'இ' மனித இரத்தத்தை நாடும், கூடுதல் நாள் உயிர் வாழும். இரண்டாவதுதான் முக்கியம். நுளம்புக்குள் போன கிருமி முதிர்ந்து அடுத்தவருக்குத் தொற்றுவதற்கு ஏறக்குறைய பத்து நாள் வேண்டும். அதற்கு முன் செத்துவிடும் நுளம்பு எத்தனை பேரைக் கடித்தாலும் மலேரியா பரவாது. ஆகவே மடுவில் அள்ளிய குடம்பிகளை ஒரே பெயரில் எண்ணிக் கணக்கு வைத்தால், ஆபத்தில்லாத ஊருக்கு மருந்தும் ஆபத்துள்ள ஊருக்கு ஆறுதலும் போய்ச் சேரும். ஒரு ஒய் நிறமூர்த்தத்தின் வடிவத்தைப் பார்க்க இத்தனை பேர் நுணுக்குக்காட்டியில் கண் வைத்து இருந்ததை எண்ணும்போது எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

இலங்கையில் உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பர் 5இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. மூன்று மாதம் கழித்து, டிசெம்பரில், மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு பிடிபட்டது. இலங்கையில் முன்பு காணாத இனம். இதற்கு ஆற்று மடு தேவையில்லை. பட்டினத்துக் கிணறும் தண்ணீர்த் தாங்கியும் போதும்.

குலிசிஃபேசிஸும் போய்விடவில்லை. ஒழிந்தது கிருமி, நுளம்பு அல்ல. கிருமியோ இன்றும் வெளிநாடு போய் வருபவர்களின் இரத்தத்தில் வந்து இறங்குகிறது. அதனால்தான் காய்ச்சலோடு வருபவரிடம் வைத்தியர், "அண்மையில் வெளிநாடு போய் வந்தனீங்களா?" என்று கேட்டு, விரல் நுனியில் குத்தி ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுக்க வேண்டும்.